நாகூரில் வீடு, காரைக்காலில் வேலை: மாதம் 11,519 ரூபாய் எங்கே போகிறது?

கேள்வி:

சார், எனக்கு நாகூர். நாகப்பட்டினத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நாலு வருடம் இருந்துவிட்டு, 2025 ஏப்ரலில் காரைக்காலில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் சேர்ந்தேன். தினமும் ஸ்கூட்டியில் எல்லையில் இருக்கும் வாஞ்சூர் தாண்டிப் போய் வருகிறேன். மாதம் 62,000 என்று ஆர்டரில் போட்டிருக்கிறது, வங்கியில் விழுவது 50,481. புதுச்சேரி யூனியன் பிரதேசம், அங்கே வேலை பார்த்தால் வருமான வரி கிடையாது என்று மாமா சொன்னார். எனக்கு மாதம் 2,588 பிடிக்கிறார்கள். 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்று ஊரே சொல்லும்போது எனக்கு மட்டும் ஏன்? செப்டம்பரில் தொழில் வரி என்று வேறு பிடித்தார்கள். வீட்டு வரி நாகப்பட்டினம் நகராட்சிக்குக் கட்டுகிறோம், இரண்டு பக்கமும் கட்ட வேண்டுமா? பெட்ரோல் பில்லை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், வரியில் கழிக்கலாமா? நாகூர் தர்கா கந்தூரிக்கு ஒரு நாள் போகவில்லை, அதற்கும் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் அன்று உள்ளூர் விடுமுறை. தம்பியும் காரைக்காலில்தான் வேலை பார்க்கிறான், 19,500 சம்பளம், இ.எஸ்.ஐ. என்று மாதம் 147 போகிறது, அது எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்டோபர், டிசம்பர் சம்பளச் சீட்டு இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாக ரசீது எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆபீஸில் ஒருவர் யோசனை சொன்னார். எல்.ஐ.சி. இருந்ததால் வரியில் பழைய முறை போடச் சொன்னார்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சீட்டுகள் இரண்டையும் பொறுமையாகப் பார்த்தேன். யாரும் உங்கள் பணத்தைத் திருடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே ஒரு இடத்தில் நீங்கள் போட்ட ஒரு டிக் மாதம் 2,588 ரூபாயைக் கொண்டுபோகிறது. அதற்கும் வாஞ்சூர் எல்லைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அக்டோபர் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 62,000 என்பது சம்பளமே அல்ல, அது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் ஒரு மாதத்தில் செலவு செய்யும் மொத்தத் தொகை. சீட்டின் இடது பக்கத்தில் பேசிக் 31,000, வீட்டு வாடகைப்படி 12,400, ஸ்பெஷல் அலவன்ஸ் 13,389 என்று இருக்கிறது பாருங்கள், கூட்டினால் 56,789. இதுதான் கிராஸ், இதுதான் உங்கள் சம்பளம். மிச்சம் 5,211 ரூபாய் சீட்டுக்குள் வரவே இல்லை, ஆர்டரின் பின்பக்க அட்டவணையில் சிறிய எழுத்தில் இருக்கும். அதில் 3,720 நிறுவனம் தன் பங்காக உங்கள் பி.எஃப்.புக்குக் கட்டுவது, 1,491 பணிக்கொடைக்காக, அதாவது கிராஜுவிட்டிக்காக, அவர்கள் ஒதுக்கி வைப்பது. அப்புறம் கிராஸிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,720, டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) 2,588 கழிந்து 50,481 வங்கிக்கு வருகிறது. நீங்கள் தேடும் 11,519 இந்த நாலு துண்டும் சேர்ந்ததுதான். ஒரு ரூபாய் கூட இடிக்கவில்லை, கூட்டிப் பார்த்துவிட்டேன்.

இதில் 7,440 பி.எஃப்., அது உங்கள் பணம், பென்ஷனுக்குப் போகும் 1,250 தவிர மற்றது வட்டியோடு வளர்கிறது (2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள், இந்தக் காலத்தில் அதற்கு ஈடான பாதுகாப்பான வட்டி எளிதில் கிடைக்காது). கிராஜுவிட்டி விஷயம் கொஞ்சம் வேறு. 4.81 சதவீதம் என்று எல்லா ஆர்டரிலும் ஒரே எண்ணைப் போடுவார்கள், அது எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு, 15-ஐ 26-ஆல் வகுத்து அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் பேசிக்கில் 4.81 சதவீதம் வரும். ஆனால் நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிக்காமல் நீங்களாக வேலையை விட்டுப் போனால் அந்தப் பணம் கைக்கு வராது. ஆகவே ஒரு வேலையையும் இன்னொரு வேலையையும் ஒப்பிடும்போது சி.டி.சி.யை வைத்து ஒப்பிடாதீர்கள், கிராஸை வைத்து ஒப்பிடுங்கள். நாகப்பட்டினத்தில் வாங்கியதைவிட இவ்வளவு கூட என்று நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், கூடத்தான், ஆனால் 62,000 அளவுக்குக் கூட இல்லை.

இப்போது மாமா சொன்னதற்கு வருகிறேன். இந்தப் பேச்சை எங்கள் பக்கம் நிறையக் கேட்டிருக்கிறேன், நாகூரில் மட்டுமல்ல, தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வருகிறவர்களும் பேரளம் பக்கமிருந்து வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். காரைக்காலைச் சுற்றி நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும்தான். 1954 நவம்பர் வரை அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி, சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான், அதனால் அங்கே ஒரு தனிச் சட்டம் இருக்கும் என்ற நினைப்பு நம் பெரியவர்கள் மனசில் இன்னும் தங்கியிருக்கிறது. அதோடு கண்ணுக்கு முன்னால் வித்தியாசம் தெரியவும் செய்கிறது: பெட்ரோல் வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் விலை குறைவு, மது விலை குறைவு. இதெல்லாம் அந்தந்த அரசின் கையில் இருக்கும் வரிகள், அதனால் எல்லை தாண்டினால் மாறுகின்றன. வருமான வரி அப்படி இல்லை. அது மத்திய அரசு போடுவது, நாகூர்க்காரருக்கும் காரைக்கால்காரருக்கும் டெல்லிக்காரருக்கும் ஒரே அளவு. இந்தியாவுக்குள் இடத்தை வைத்து வருமான வரி விலக்கு என்றால் சிக்கிம் மக்களுக்கும், வடகிழக்கில் சில பகுதிகளிலும் லடாக்கிலும் வாழும் பழங்குடியினருக்கும்தான் உண்டு, புதுச்சேரிக்குக் கிடையாது.

எல்லை தாண்டி வேலை என்றதும் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூர், துபாய் என்றுதான் நினைப்பார்கள். அவர்களுக்கு 182 நாள் கணக்கு, எந்த நாட்டில் குடியிருப்பவர் என்ற கேள்வி, இரண்டு நாடும் ஒரே வருமானத்துக்கு வரி போடாமல் இருக்க ஒப்பந்தம் என்று நிறைய இருக்கிறது. உங்களுக்கு அந்தத் தலைவலி ஒன்றுகூட இல்லை. பான் கார்டில் நாகூர் முகவரி, டி.டி.எஸ். பிடிப்பவர் காரைக்கால் முகவரி, இதனால் எதுவும் ஆகாது.

சரி, அப்படியென்றால் அந்த 2,588 ஏன்?

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள், எந்த வரி முறை வேண்டும் என்று கேட்டு. நீங்கள் பழைய முறை என்று டிக் செய்திருக்கிறீர்கள், டிசம்பர் சீட்டின் அடியில் தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. கடிதத்தின் கடைசியில் எல்.ஐ.சி. இருந்ததால் பழைய முறை போடச் சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அங்கேதான் விஷயம். 12 லட்சம் வரை வரி இல்லை என்று எல்லோரும் சொல்வது புதிய முறைக்கு மட்டும். பழைய முறையில் அந்த எல்லை 5 லட்சம்தான், அதைத் தாண்டினால் இரண்டரை லட்சத்துக்கு மேலிருந்தே வரி எண்ண ஆரம்பிப்பார்கள்.

உங்கள் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். வருடத்துக்கு கிராஸ் 6,81,468. பழைய முறையில் நிலையான கழிவு 50,000 போனால் 6,31,468. 80சி-யில் (சேமிப்புக்குக் கிடைக்கும் கழிவு) உங்கள் பி.எஃப். 44,640 போனால் 5,86,828. முதல் ஐந்து லட்சத்துக்கு வரி 12,500, மேலே உள்ள 86,828-க்கு 20 சதவீதம் 17,366, மொத்தம் 29,866, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31,060. பன்னிரண்டால் வகுத்தால் 2,588. உங்கள் நிறுவனம் சரியாகத்தான் பிடித்திருக்கிறது (பிடித்த தொழில் வரியைப் பழைய முறையில் வருமானத்திலிருந்து கழித்திருக்க வேண்டும், அதை மட்டும் விட்டிருக்கிறார்கள், சின்னத் தொகை).

அதே சம்பளம் புதிய முறையில்: நிலையான கழிவு 75,000 போக 6,06,468. நாலு லட்சம் வரை ஒன்றுமில்லை, மேலே உள்ள 2,06,468-க்கு 5 சதவீதம், 10,323 ரூபாய். வரி விதிக்கும் வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் கீழ் அந்த 10,323-ம் தள்ளுபடி. கட்ட வேண்டியது பூஜ்யம்.

எல்.ஐ.சி. பிரீமியம் வருடம் 24,000 கட்டுகிறீர்கள். அதையும் பழைய முறையில் சேர்த்துப் பார்த்தேன், வரி 26,068-க்குக் குறைகிறது, அவ்வளவுதான். பழைய முறையில் வரி இல்லாமல் ஆக வேண்டுமென்றால் பி.எஃப். போக இன்னும் 86,828 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். எல்.ஐ.சி. இருந்தால் பழைய முறை என்பது ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் சரி, அன்றைக்கு இருந்தது ஒரே முறைதான். இன்றைக்கு உங்கள் சம்பளத் தட்டில் இருக்கிற யாருக்கும் நான் புதிய முறையைத்தான் சொல்வேன், வீட்டுக் கடனும் பெரிய வாடகையும் சேர்ந்து இருந்தால் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

ஆபீஸில் யாரோ அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாக ரசீது எழுதிக் கொடுங்கள் என்று யோசனை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உண்மையிலேயே வங்கி வழியாக வாடகை கொடுத்து, அப்பாவும் அதைத் தன் வருமானத்தில் காட்டினால் சட்டம் ஏற்கும், வீடு தமிழ்நாட்டிலும் வேலை புதுச்சேரியிலும் இருப்பதும் தடையில்லை. கொடுக்காத வாடகைக்கு ரசீது எழுதுவது பொய்க் கணக்கு, இப்போது இந்த மாதிரி ரசீதுகளை வருமான வரித் துறையினர் அப்பா, அம்மாவின் பான் எண்ணோடு பொருத்திப் பார்க்கிறார்கள். மாதம் 8,000 நிஜமாகவே கொடுத்தாலும் உங்களுக்குக் கழிவது வருடம் 58,800 தான் (கொடுத்த 96,000-ல் பேசிக்கின் பத்தில் ஒரு பங்கு 37,200 போக), அப்போதும் ஐந்து லட்சத்துக்கு மேலேதான் நிற்பீர்கள். புதிய முறைக்குப் போனால் இந்த ரசீதே தேவையில்லை.

என்ன செய்ய வேண்டும் என்றால், இது 2026 ஜனவரி, முதலீட்டுச் சான்றுகள் கேட்டு ஆபீஸிலிருந்து மெயில் வந்திருக்கும். அதோடு சேர்த்து வரி முறையைப் புதியதாக மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் மீதி மூன்று மாத 7,764 கையிலேயே நிற்கும். சில இடங்களில் வருடம் முடியும் வரை மாற்ற மாட்டோம் என்பார்கள், சண்டை போட வேண்டாம், ஏனென்றால் ஆபீஸில் சொன்னது பிடித்தத்துக்கு மட்டும்தான். உங்களைப் போல சம்பள வருமானம் மட்டும் உள்ளவர்கள் ரிட்டர்ன் போடும்போது முறையைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். டிசம்பர் வரை பிடித்த சுமார் 23,300 ஏற்கெனவே அரசுக்குப் போய்விட்டது, அதை நிறுவனம் திருப்பித் தர முடியாது. ஜூன் 15-க்குள் படிவம் 16 (பிடித்த வரிக்கான சான்று) தருவார்கள், ஜூலை 31-க்குள் புதிய முறையில் ரிட்டர்ன் போட்டால் பிடித்தது முழுக்க வங்கிக்குத் திரும்பி வரும்.

வரும் என்று சொன்னேன், ஒரு இடத்தில் மட்டும் சிக்கும். நம் பக்கத்துப் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பான் கார்டில் அப்பா இனிஷியல் விரித்து எழுதியிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கில் வீட்டுக்காரர் இனிஷியல் வந்திருக்கும், ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். ரீஃபண்ட் வருவதற்கு வருமான வரித் தளத்தில் உங்கள் வங்கிக் கணக்கை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும், அப்போது பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். பி.எஃப். எடுக்கப் போனாலும் இதே கதை. போன வருடம் ஒரு அம்மா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து மூன்று கார்டையும் வரிசையாக அடுக்கினார், மூன்றிலும் மூன்று பெயர், பெயருக்குச் சொந்தக்காரர் ஒருவர். ரீஃபண்ட் 18,000 ரூபாய் ஐந்து மாதம் நின்றது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதுபோல மற்றதை இப்போதே மாற்றிவிடுங்கள், ஜூலையில் ஓட வேண்டியதில்லை.

தொழில் வரிக்கு வருகிறேன். உங்கள் வீட்டு வரி வீட்டுக்கு, தொழில் வரி வேலைக்கு, இரண்டும் வேறு வேறு. தொழில் வரியை உள்ளாட்சிதான் அரையாண்டுக்கு ஒரு முறை வாங்குகிறது, அதனால்தான் அக்டோபர் சீட்டில் இல்லாமல் செப்டம்பர் சீட்டில் இருக்கிறது, அடுத்து மார்ச் வாக்கில் வரும். சம்பளக்காரருக்கு எந்த ஊரில் வேலையோ அந்த ஊர்க் கணக்கில் நிறுவனமே பிடித்துக் கட்டும். உங்கள் விஷயத்தில் அது காரைக்கால். நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது அங்கே பிடித்தார்கள், இப்போது இங்கே. அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவுப்படி ஒரு உள்ளாட்சி ஒருவரிடம் வருடத்துக்கு 2,500-க்கு மேல் வாங்க முடியாது. நாகூரில் யாராவது கேட்டால் காரைக்காலில் பிடித்த சீட்டைக் காட்டுங்கள்.

பெட்ரோல் பில்லைக் கீழே போட்டுவிடலாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருகிற செலவை வருமான வரியில் கழிக்க வழியில்லை. முன்பு மாதம் 1,600 ரூபாய் வரை போக்குவரத்துப் படிக்கு விலக்கு இருந்தது, 2018-19-ல் இருந்து அதை எடுத்துவிட்டு நிலையான கழிவைக் கொண்டு வந்தார்கள். சில வகை மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் அந்த விலக்கு அதன் பிறகும் தொடர்ந்தது. புதிய முறையில் கிடைக்கும் 75,000 கழிவுக்குள் உங்கள் வாஞ்சூர்ப் பயணமும் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு பில் எதுவும் காட்ட வேண்டியதில்லை.

கந்தூரி நாள். இதில் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, நாகூரில் பிறந்தவருக்குச் சந்தனக்கூடு அன்று வேலைக்குப் போ என்றால் மனசு வராது. ஆனால் நாகப்பட்டினம் கலெக்டர் அறிவிக்கிற உள்ளூர் விடுமுறை அவர் மாவட்டத்துக்குத்தான், காரைக்காலில் இருக்கிற அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. அங்கே விடுமுறைப் பட்டியலே வேறு, நவம்பர் 1 அங்கே விடுதலை நாள் விடுமுறை, நமக்கு இல்லை. வருட ஆரம்பத்திலேயே நிறுவனத்தின் பட்டியலை வாங்கி வைத்து, கந்தூரிக்கு முன்கூட்டியே சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு, எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் சீட்டில் 31 நாளுக்கு 30 நாள் சம்பளம் போட்டிருக்கிறார்கள், பேசிக் 31,000 சரியாக 30,000 ஆகி, பி.எஃப். 3,600 ஆகியிருக்கிறது, கணக்கில் தப்பு இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஓட்டுப் போடும் நாள். உங்கள் ஓட்டு நாகூரில் இருக்கிறது, இந்த 2026-ல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சட்டமன்றத் தேர்தல், இரண்டும் ஒரே நாளில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் தொகுதியில் வாக்குப்பதிவு நடக்கும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு அதைச் சொல்கிறது. அன்றைக்குச் சம்பளம் பிடித்தால் எழுதிக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பவர்களை இதுதான் பெரிதாக அடிக்கிறது. நீங்கள் ஏப்ரலிலேயே மாறியதால் தப்பித்தீர்கள். தரங்கம்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவர், தமிழ்நாட்டில் ஒரு இடத்தில் மாதம் 1,05,000 வாங்கிக்கொண்டிருந்தார், அக்டோபரில் காரைக்காலில் 1,20,000-க்குச் சேர்ந்தார். முதல் நிறுவனம் வருடம் 12,60,000 வரும் என்று கணக்குப் போட்டது, 75,000 கழித்தால் 12 லட்சத்துக்குள், வரி இல்லை என்று விட்டுவிட்டது. இரண்டாவது நிறுவனம் தான் தரப்போகும் ஆறு மாதம் 7,20,000 மட்டும் பார்த்தது, அதற்கும் வரி இல்லை. இருவர் செய்ததும் அவரவர் கண்ணுக்குச் சரி. ஆனால் மார்ச் முடியும்போது அவர் வாங்கியிருப்பது 6,30,000-ம் 7,20,000-ம் சேர்த்து 13,50,000. 75,000 கழித்தால் 12,75,000. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும், வரி 71,250, செஸ் சேர்த்து 74,100. மாதாமாதம் ஒரு ரூபாய் பிடிக்காமல் ரிட்டர்ன் போடும் நேரத்தில் மொத்தமாக 74,100 கட்டு, அதற்கு மேல் முன்வரி (வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டிய வரி) கட்டாததற்கு வட்டி என்றால் யாருக்குத் தாங்கும்? சேர்ந்த அன்றே பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் எழுதிப் புது ஆபீஸில் கொடுத்திருந்தால் ஆறு மாதத்தில் பிரித்துப் பிடித்திருப்பார்கள். நடு வருடத்தில் எல்லை தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் இந்தப் படிவத்தைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும், விஷயம் மாறாது, பழைய வேலையின் சம்பள விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஆபீஸில் கேட்டால் அவர்களுக்குப் புரியும்.

பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே பாருங்கள். சீட்டில் பிடித்தார்கள் என்பதும் கணக்கில் கட்டினார்கள் என்பதும் ஒன்றல்ல. யு.ஏ.என்., அதாவது உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணைப் போட்டுத் திறந்தால் அக்டோபர் சம்பளத்துக்கு எதிரே மூன்று தொகை இருக்க வேண்டும்: உங்கள் பங்கு 3,720, நிறுவனப் பங்கு 2,470, பென்ஷன் 1,250. நிறுவனம் கட்டும் 3,720-ல் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும், பிஎஃப்பில் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். நாகப்பட்டினத்தில் குறைந்த பேசிக்கில் சேர்ந்து ஏற்கெனவே பென்ஷன் உறுப்பினர் ஆகிவிட்டதால் உங்களுக்கு இது. முதல் வேலையிலேயே 15,000-க்கு மேல் பேசிக்கோடு சேர்கிறவர்களுக்குப் பென்ஷன் பகுதி கிடையாது, முழுவதும் பிஎஃப்புக்கே போகும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி, இரண்டு மாதம் வரிசையாக வரவில்லை என்றால் உடனே கேளுங்கள்.

அதே யு.ஏ.என்.னில் நாகப்பட்டினம் கணக்கு தனியாக நிற்கும். மாநிலம் மாறினாலும் யு.ஏ.என். மாறாது, பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றச் சொல்லி ஆன்லைனில் கொடுங்கள், எடுத்துச் செலவு செய்துவிடாதீர்கள். மொத்தம் ஐந்து வருட சர்வீஸ் ஆகும் முன் எடுத்தால் வரி உண்டு, மாற்றிக்கொண்டால் அந்த நாலு வருடமும் சர்வீஸில் சேரும், உங்களுக்கு இந்த ஏப்ரலிலேயே ஐந்து ஆகிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அலவன்ஸ்களைப் பாதிக்கு மேல் பிரித்துக் காட்டினாலும் மிகுதி சம்பளமாகவே எண்ணப்படும் என்பது அதில் நமக்கு முக்கியம். உங்கள் பேசிக் சி.டி.சி.யில் சரியாகப் பாதி என்பதால் உங்களுக்குப் பெரிய மாற்றம் இருக்காது.

தம்பியின் 147. சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, அவர் பங்கு 0.75 சதவீதம், 19,500-க்கு 146.25, அடுத்த முழு ரூபாயாக்கி 147. நிறுவனம் 3.25 சதவீதம், சுமார் 634, தன் கையிலிருந்து கட்டுகிறது. இதற்கு அவருக்கும் வீட்டாருக்கும் மருத்துவம் கிடைக்கிறது, உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தால் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். இ.எஸ்.ஐ. அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் டிஸ்பென்சரி எது என்று எழுதியிருக்கும், சேரும்போது ஆபீஸ் பக்கத்தில் இருப்பதைப் போட்டிருப்பார்கள், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் காரைக்காலுக்கு ஓட வேண்டியிருக்கும். நாகூருக்குப் பக்கத்தில் உள்ளதாக மாற்றித் தரும்படி ஆபீஸிலேயே கேட்கலாம். ஜனவரியில் அவர் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் மார்ச் முடியும் வரை பிடிப்பார்கள், அதுவரை மருத்துவமும் உண்டு, அதனால் பிடித்தம் நிற்கவில்லையே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிட்டு, ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மாதம் தவறாமல் வந்திருக்கிறதா என்று எழுதுங்கள். வரி முறையை மாற்ற ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஜூலைக்கு முன் ரிட்டர்னை எப்படிப் போடுவது என்று அதற்கு ஏற்ப சொல்கிறேன்.